டர்போ சி கற்றுத் தந்ததும் தராததும்

நாம் எழுதும் ஆணைகள் கணிப்பொறிக்கு நேரடியாகப் புரிவதில்லை. அதன் மையச் செயலகம் அறிந்தவை சில எண் குறியீடுகள் மட்டுமே. மனிதர் படிக்கத்தக்க மொழியில் எழுதிய நிரலை அந்தக் குறியீடுகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்குக் கம்பைலர் என்று பெயர். சி மொழிக்குக் கம்பைலர்கள் பல உண்டு. ஆயினும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நெடுங்காலம் சி என்றால் டர்போ சி என்றே பொருள். 1987-ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்லண்டு நிறுவனம் வெளியிட்ட அந்தக் கம்பைலரையும், அதன் வழிவந்த டர்போ சி++ 3.0 பதிப்பையும் 2010-க்குப் பின்னரும் நம் ஆய்வுக்கூடங்களில் காண முடிந்தது.

இவ்வளவு நீண்ட ஆயுள் பெற்ற இந்தக் கருவியைப் பற்றி இருவகைப் பேச்சு உண்டு. அதில் படித்தவர்கள் பாசத்தோடு பேசுவார்கள். பின்னர் வந்தவர்கள் பழைய குப்பை என்று ஒதுக்குவார்கள். இரண்டுமே அதன் தரத்தை அளந்து சொல்வதாகாது. டர்போ சியில் எது சி மொழிக்கு உரியது, எது அந்தக் கம்பைலருக்கு உரியது, எது அது ஓடிய இயந்திரத்துக்கு உரியது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு பிரித்துக் காட்டாமல் கற்பித்ததுதான் நம் மாணவர்களுக்கு நேர்ந்த இழப்பு என்பது என் கருத்து.

முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம். சி மொழி 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. அது வளர்ந்தது பி.டி.பி.-11 என்னும் சிறுகணிப்பொறியில். மேசைமேல் வைக்கும் தனியாள் கணிப்பொறிகளுக்கு அந்த மொழி வந்து சேர்ந்தபோது அதற்கு இடம் போதவில்லை. 1979-இல் லியோர் சோல்மன் எழுதிய பி.டி.எஸ். சி என்னும் கம்பைலர், 64 கிலோபைட் நினைவகமே கொண்ட இயந்திரங்களில் வேலை செய்தது. அதில் தசம எண்களுக்கான வகையே கிடையாது. 1980 மே மாதம் ரான் கெயின் என்பவர் ஸ்மால் சி என்ற கம்பைலரின் மூலநிரலை ஓர் அமெரிக்கக் கணிப்பொறி இதழில் அச்சிட்டு வெளியிட்டார். அதில் முழு எண், எழுத்து ஆகிய இரண்டே வகைகள். இருப்பினும் அந்தக் கம்பைலர் தன்னைத் தானே மொழிமாற்றிக்கொள்ளும் வல்லமை பெற்றிருந்தது. இவை குறைபட்ட கருவிகள்தாம். ஆனால் குறை என்னவென்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்ட கருவிகள்.

1981 ஆகஸ்டு 12 அன்று ஐ.பி.எம். பி.சி. அறிமுகமாயிற்று. அதன் செயலகம் இண்டெல் 8088. வேகம் வினாடிக்கு 47.7 லட்சம் துடிப்புகள். அதற்காக 1982-இல் வந்த லாட்டிஸ் சி போன்ற கம்பைலர்கள் மொழியை ஏறக்குறைய முழுமையாகவே தந்தன. விலைதான் சில நூறு டாலர். அவற்றில் வேலை செய்வதற்குப் பொறுமையும் வேண்டும். ஓர் இயக்கியில் கம்பைலர் ஃபிளாப்பி, மற்றொன்றில் நம் ஃபிளாப்பி. எழுதுவதற்கு ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டும். நிரலைச் சேமித்துவிட்டு வெளியே வர வேண்டும். கம்பைலரின் முதற்பகுதி நிரலைப் படித்து ஓர் இடைநிலைக் கோப்பை வட்டில் எழுதும். இரண்டாம் பகுதி அதைப் படித்து இயந்திரக் குறியீட்டை எழுதும். அதன்பின் லிங்க்கர் என்னும் இணைப்பு நிரல் வந்து நூலகக் கோப்புகளோடு பிணைக்கும். இத்தனைக்கும் பிறகே நிரல் ஓடும். பதினேழாம் வரியில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்தச் சூழ்நிலையில்தான் டர்போ சி வந்தது. போர்லண்டு நிறுவனம் 1983-இல் டர்போ பாஸ்கல் மூலம் பெயர் பெற்றிருந்தது. பாப் ஜெர்விஸ் எழுதிய விசார்டு சி என்னும் கம்பைலரை வாங்கி, அதனை அடிப்படையாக வைத்து டர்போ சி உருவாக்கப்பட்டது. விலை 99.95 டாலர். எழுதும் திரை, கம்பைலர், லிங்க்கர் ஆகிய மூன்றும் ஒரே மென்பொருளுக்குள் அடங்கியிருந்தன. நிரலை எழுதிய இடத்திலேயே ஒரு விசையை அழுத்தினால் மொழிமாற்றம் நடந்துவிடும். பிழைகள் இருந்தால் அவை திரையின் கீழ்ப்பகுதியில் வரிசையாகத் தோன்றும். ஒவ்வொன்றின்மீதும் ஒளிப்பட்டையை நகர்த்தினால் மேலே அந்தப் பிழையுள்ள வரிக்குக் குறிமுள் தானே சென்று நிற்கும்.

இதனை வெறும் வசதி என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே பல நிமிடங்கள் ஆகுமானால், மாணவன் சோதித்துப் பார்க்க அஞ்சுவான். காகிதத்தில் பலமுறை சரிபார்த்து, தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டுமே எழுதுவான். சில வினாடிகளே ஆகுமானால், 'இந்த நட்சத்திரக் குறியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?' என்று கேட்டுப் பார்ப்பான். சி போன்ற மொழியை இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் கற்க முடியும். 1988-இல் வந்த 2.0 பதிப்பில், நிரலை ஒவ்வொரு வரியாக நடத்திச் சென்று மாறிகளின் மதிப்பைக் கண்ணெதிரே காணும் வசதியும் சேர்ந்தது. சுழற்சி ஒன்று ஐந்து முறை ஓடுகிறதா, ஆறு முறை ஓடுகிறதா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் மாணவனுக்கு இதைவிடச் சிறந்த ஆசிரியர் கிடைப்பது அரிது. வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், பல ஆய்வுக்கூடங்களில் இந்த வசதி இருப்பதே பட்டம் பெறும்வரை பலருக்குத் தெரியாமற் போயிற்று.

அதன் எச்சரிக்கைகளும் பாராட்டுக்குரியவை. சி மொழியில் ஒற்றைச் சமக்குறி மதிப்பை இடுவது. இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவது. நிபந்தனைக்குள் இரட்டைக்குப் பதில் ஒற்றையை எழுதினாலும் அது இலக்கணப்படி சரியான நிரலே. ஆனால் தவறாக ஓடும். டர்போ சி இத்தகைய இடத்தில் 'மதிப்பிடுதல் தவறாக இருக்கக்கூடும்' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை தரும். ஒரு மாறிக்கு மதிப்புத் தராமலே பயன்படுத்தியிருந்தால் அதையும் சொல்லும். எச்சரிக்கை நிரலை நிறுத்துவதில்லை என்பதால் அதைப் படிக்காமலே ஓடவிடுவது பழக்கமாகிவிட்டது. இதில் கம்பைலர்மீது குற்றம் இல்லை.

இனி, இயந்திரத்தின் இயல்பு எவ்வாறு மொழியின் இயல்பாகத் தோற்றமளித்தது என்று காண்போம். 8088 செயலகம் ஒரே சமயத்தில் கையாளும் எண்ணின் அகலம் 16 பிட். எனவே டர்போ சியில் சாதாரண முழு எண் 2 பைட். அதன் எல்லை −32,768 முதல் 32,767 வரை. தொடர்பெருக்கம் கணக்கிடும் நிரல் எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அதில் 7 என்று கொடுத்தால் 5,040 என்ற சரியான விடை வரும். 8 என்று கொடுத்தால் 40,320 வர வேண்டும். டர்போ சி தருவது −25,216. 40,320-இலிருந்து 65,536-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். கடிகார முள் பன்னிரண்டைத் தாண்டி மீண்டும் ஒன்றுக்கு வருவது போன்றதே இது. இங்கே கற்பிக்க எவ்வளவோ இருந்தது. ஆனால் மாணவர்கள் குறித்துக்கொண்டது 'முழு எண் 2 பைட்' என்னும் ஒரு வரி. 1989-இல் வகுக்கப்பட்ட அமெரிக்கத் தரவிதி அப்படிச் சொல்லவில்லை. இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று மட்டுமே சொல்கிறது. மிகுதியாக வைத்துக்கொள்வது கம்பைலரின் விருப்பம். வேறு கம்பைலர்களில் அது 4 பைட்டாக மாறிய பின்னரும், தேர்வுத் தாளிலும் வேலைக்கான நேர்முகத் தேர்விலும் 2 பைட் என்ற விடையே நெடுநாள் மதிப்பெண் பெற்று வந்தது.

நினைவகத்தின் கதை இன்னும் சிக்கலானது. 8088-க்கு முகவரிக் கம்பிகள் 20. ஆகவே 10,48,576 பைட்டுகளை அது அணுக முடியும். ஆனால் அதன் பதிவகங்கள் 16 பிட் அகலமே உடையவை; அவற்றில் அடங்கும் முகவரிகள் 65,536 மட்டும். இந்த இடைவெளியை இண்டெல் பொறியாளர்கள் ஒரு சூத்திரத்தால் நிரப்பினார்கள். பகுதி எண், நகர்வு எண் என இரண்டு எண்கள். பகுதி எண்ணை 16-ஆல் பெருக்கி நகர்வு எண்ணைக் கூட்டினால் உண்மையான முகவரி. தெருப்பெயரும் வீட்டு எண்ணும் போல இது தோன்றும். ஆனால் இந்த ஊரில் தெருக்கள் 16 பைட் தூரத்துக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடக்கின்றன. ஒரே வீட்டுக்கு ஆயிரக்கணக்கான முகவரிகள்!

எடுத்துக்காட்டாக, வண்ணத் திரையின் எழுத்துகள் இருக்கும் நினைவகம் பகுதி 47,104, நகர்வு 0 என்னும் இடத்தில் தொடங்குகிறது. பெருக்கிப் பார்த்தால் 7,53,664. பகுதி 45,056, நகர்வு 32,768 என்று எடுத்துக்கொண்டாலும் அதே 7,53,664 தான். இப்போது டர்போ சியில் இரண்டு நெடுஞ்சுட்டிகளை எடுத்து, ஒன்றில் முதல் முகவரியையும் மற்றொன்றில் இரண்டாம் முகவரியையும் வைத்து, 'இரண்டும் சமமா?' என்று கேட்டால் 'இல்லை' என்று விடை வரும். எண்கள் வேறு வேறு அல்லவா! இந்த இடரைத் தவிர்க்க மூன்றாவதாகப் பெருஞ்சுட்டி என்று ஒரு வகை; அது முகவரியை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்து ஒப்பிடும், ஆனால் மெதுவாக வேலை செய்யும். நிரலை எழுதுபவர் மிகச்சிறியது முதல் மிகப்பெரியது வரை ஆறு நினைவக மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிகச்சிறிய மாதிரியைத் தவிர்த்துப் பார்த்தால், மாதிரிக்கு ஒன்றாக நூலகக் கோப்பும் தனித்தனி. ஃபிளாப்பி மட்டும் உள்ள இயந்திரத்தில் எந்த மாதிரியின் கோப்பை வட்டில் வைப்பது, எதை விடுவது என்பதே ஒரு திட்டமிடல் ஆகிவிடும். இருநூறு வரிசை, இருநூறு நிரை கொண்ட முழு எண் அணி ஒன்றை அறிவித்தால் கம்பைலர் மறுத்துவிடும். அதற்கு 80,000 பைட் வேண்டும், ஒரு பகுதிக்குள் 65,536-க்கு மேல் அடங்காது.

இந்தத் தொல்லைகள் எவையும் சி மொழியில் இல்லை. நெடுஞ்சுட்டியும் பெருஞ்சுட்டியும் தரவிதியில் எங்கும் காணப்படாத சொற்கள். இயந்திரத்தின் கோணலுக்கேற்ப மொழியை வளைத்துத் தந்தது டர்போ சியின் சாமர்த்தியம் என்றே சொல்வேன். திரை நினைவகத்தில் தானே ஓர் எழுத்தை வைத்துப் பார்த்த மாணவனுக்குச் சுட்டி என்பது பின்னர் ஒருபோதும் மாயமாகத் தோன்றியிராது.

பிழைச் செய்திகளில் இரண்டு மிகவும் புகழ்பெற்றவை. ஒன்று, நிரல் முடியும்போது தோன்றும் 'வெற்றுச் சுட்டியில் எழுதப்பட்டது' என்னும் செய்தி. பொது மாறி ஒன்றில் மதிப்பை வாங்கும்போது அதன் முகவரியைக் குறிக்கும் அடையாளத்தை எழுத மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அந்த மாறியின் மதிப்பு சுழி. ஆகவே எண் தரவுப் பகுதியின் சுழியாம் முகவரிக்குப் போய் விழும். சிறிய மாதிரிகளில் டர்போ சி அந்த இடத்தில் தன் உரிமைக் குறிப்பை வைத்திருக்கிறது. நிரல் முடிந்ததும் அந்தக் குறிப்புச் சிதையாமல் இருக்கிறதா என்று பார்த்து, சிதைந்திருந்தால் செய்தி தருகிறது. வாசற்படியில் மாவைத் தூவி வைத்துக் காலடித் தடம் பார்ப்பது போன்ற எளிய தந்திரம். பாதுகாப்பே இல்லாத டாஸ் இயங்குமுறையில் இவ்வளவாவது செய்தது பெரிது. வேறு முகவரியில் தவறு நேர்ந்தால் எந்தச் செய்தியும் வராது. திரையில் உள்ள, இன்னும் சேமிக்காத மூலநிரலோடு சேர்ந்து எல்லாம் உறைந்து போகவும் கூடும். ஓடவிடுமுன் சேமிக்க வேண்டும் என்பதை அனுபவசாலிகள் வேதவாக்காகச் சொன்னதன் காரணம் இதுவே.

மற்றொரு செய்தி தசம எண் பற்றியது. தசமக் கணக்கிற்கான 8087 என்னும் துணைச் செயலகம் அக்காலத்தில் பெரும்பாலான இயந்திரங்களில் இல்லை. அதன் வேலையை மென்பொருளே செய்ய வேண்டும். அதற்கு இடம் வேண்டும். எனவே நிரலில் தசம எண் பயன்படுவதாகத் தெரிந்தால் மட்டுமே அந்தப் பகுதி இணைக்கப்பட்டது. கட்டமைப்பு ஒன்றின் உள்ளே இருக்கும் தசம உறுப்புக்கு மதிப்பு வாங்குவதோடு நின்றுவிட்டால், கம்பைலர் இதைக் கவனிக்கத் தவறிவிடும். நிரல் ஓடும்போது 'தசம வடிவங்கள் இணைக்கப்படவில்லை' என்று பாதியில் நின்றுவிடும். மாணவன் எழுதியது முற்றிலும் சரி, தவறு கம்பைலருடையது. இதற்குப் பரிகாரமாக, எதற்கும் பயன்படாத ஒரு தசமச் சுட்டியை அறிவிக்கும் சிறு சார்பு ஒன்று கைக்குக் கை பரவியது. அது ஏன் தேவை என்று அறியாமலே பலர் அதை மந்திரம் போல் எழுதி வைத்தார்கள்.

வரைகலைப் பகுதியில் இன்னொரு பொறி இருந்தது. அதன் கோப்புகள் இருக்கும் இடத்தைத் தெரிவிக்க, டாஸ் வழக்கப்படி இடச்சாய்கோடு இட்டு 'டிசி', 'பிஜிஐ' என்னும் பெயர்களை எழுத வேண்டும். சி மொழியில் இடச்சாய்கோட்டை அடுத்து 'டீ' எழுத்து வந்தால் அது தாவல் குறி. 'பீ' வந்தால் ஓரிடம் பின்செல்லும் குறி. இரண்டுமே சட்டப்படி செல்லும் என்பதால் கம்பைலர் வாய் திறக்காது. படம் மட்டும் வராது. சாய்கோட்டை இரட்டித்து எழுதினால் தீரும் இந்தச் சிக்கலில் எத்தனையோ மாலைப்பொழுதுகள் கரைந்திருக்கும்.

பழக்கங்களுக்கு வருவோம். நம் பாடநூல்களின் நிரல்கள் பெரும்பாலும் திரையைத் துடைக்கும் ஆணையுடன் தொடங்கி, ஒரு விசைக்காகக் காத்திருக்கும் ஆணையுடன் முடிந்தன. இரண்டும் சி மொழியின் பகுதிகள் அல்ல. நிரல் முடிந்ததும் டர்போ சி தன் எழுதும் திரைக்குத் திரும்பிவிடும், விடை மறைந்துவிடும். ஆல்ட் விசையோடு எஃப்5 அழுத்தினால் விடைத்திரை தெரியும் என்று சொல்லித் தந்திருந்தால் போதும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு நிரலிலும் ஒரு வால் ஒட்டப்பட்டது. முந்திய ஓட்டத்தின் விடைகள் திரையில் தங்கியிருந்ததால் தலையில் ஒரு துடைப்பம் சேர்ந்தது. டர்போ சி++ 3.0-இல் புதிய கோப்புக்குத் தானாகவே சி++ பெயர்விகுதி அமைந்ததால், சி நிரல்களும் சி++ விதிப்படி மொழிமாற்றம் பெற்றன. தலைமைச் சார்பு மதிப்பு எதையும் திருப்பித் தராவிட்டால் எச்சரிக்கை வந்தது. அதை அடக்குவதற்கு எளிய வழி, தலைமைச் சார்பின் முன் 'வாய்டு' என்று எழுதிவிடுவது. தரவிதி அங்கே கேட்பது முழு எண்ணை. எச்சரிக்கையின் வாயை அடைக்கச் செய்த காரியம் பாடநூலின் முதல் வரியாயிற்று.

ஒரே மாறியை ஒரே கோவையில் இருமுறை கூட்டிவிட்டு 'விடை என்ன?' என்று கேட்கும் கேள்விகள் இதைவிட மோசம். தரவிதி அத்தகைய கோவைக்கு விடை எதுவும் வரையறுக்கவில்லை. எந்தக் கம்பைலரும் எதையும் தரலாம். டர்போ சி தந்த எண்ணே சரியான விடையாகக் கொள்ளப்பட்டது. சிந்தித்துப் பார்த்து 'இதற்கு விடை இல்லை' என்று எழுதிய மாணவன் மதிப்பெண் இழந்தான்.

இதற்கெல்லாம் போர்லண்டு நிறுவனத்தைக் குறை கூறுவது நியாயமாகாது. டர்போ சியின் கையேடு ஒவ்வொரு சார்பையும் விளக்கும்போது, அது பிற இயந்திரங்களுக்கும் பொருந்துமா, ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளுக்கு மட்டும் உரியதா என்று தனியே குறிப்பிடுகிறது. திரையைத் துடைக்கும் ஆணைக்கும் அந்தக் குறிப்பு உண்டு. நம் நாட்டில் ஃபிளாப்பிகள் கைமாறிய வேகத்தில் கையேடுகள் கைமாறவில்லை. கையேட்டின் இடத்தைப் பிடித்தவை தேர்வுக்கான பாடநூல்கள்.

டர்போ சி வெளியான அதே 1987-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் ஜி.சி.சி. கம்பைலரை வெளியிட்டார். அது இலவசம், அன்றைய 16 பிட் பி.சி.யில் ஓடாது. ஆகவே அன்று டர்போ சியைத் தேர்ந்தெடுத்தவர்கள் சரியாகவே தேர்ந்தெடுத்தார்கள். 2000-க்குப் பிறகு அந்தக் காரணம் இல்லை. 64 பிட் விண்டோஸ், பழைய 16 பிட் நிரல்களை ஓடவிடாமல் நிறுத்தியபோதாவது பாடத்திட்டம் அசைந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு: டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளால் புதிய கணிப்பொறிக்குள் ஒரு பழைய கணிப்பொறியைப் பொய்யாக உண்டாக்கி, அதற்குள் டர்போ சியை ஓடவிட்டார்கள். கோடிக்கணக்கான பைட்டுகள் சும்மா கிடக்க, மாணவன் 65,536-க்குள் அடங்கப் பழகினான்.

பழைய பாடநூல் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தொடர்பெருக்க நிரலில் துடைப்பத்தையும் வாலையும் அவற்றுக்கான தலைப்புக் கோப்பையும் நீக்கி, 'வாய்டு' இருந்த இடத்தில் முழு எண் வகையை எழுதி ஜி.சி.சி.யில் ஓடவிடுங்கள். 8-க்கு 40,320 என்று சரியாக வரும். 12 வரையிலும் சரியே. 13 கொடுத்தால் வர வேண்டியது 622,70,20,800. பெரும்பாலும் திரையில் தோன்றுவது 193,20,53,504. டர்போ சியின் தவறான விடையில் கழித்தல் குறியாவது இருந்தது. இதில் அதுவும் இல்லை.